திங்கட்கிழமை இரவின் மௌனம்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் ஒன்று கிடக்குமானால், அதன் முகப்பைத் துடைத்துப் பாருங்கள். 530 முதல் 1600 வரை எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அதுவே மத்திய அலை, ஏ.எம். என்று இளையோர் சொல்வது. பகலில் அந்தக் குமிழைத் திருகினால் உள்ளூர் வானொலி கேட்கும், மற்ற இடமெல்லாம் இரைச்சல். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து அதே குமிழை மெல்லத் திருகினால், பகலில் வெறுமையாய் இருந்த இடங்களில் குரல்கள் எழும்பும். ஹைதராபாத்தின் தெலுங்கு, இலங்கையின் சிங்களம், எந்த ஊரென்று தெரியாத ஓர் இந்துஸ்தானிப் பாடல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, சற்று உரத்து, பின் அலைபோல் தாழ்ந்து மறையும். இவ்விதம் தூரத்து நிலையங்களைத் தேடிக் கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகமெங்கும் நூறாண்டுகளாக இருந்துவருகிறார்கள். தொலைதூரம் என்பதைக் குறிக்கும் தந்திக்காரர்களின் சுருக்கெழுத்தால் அதை டி.எக்ஸ். என்று அழைப்பார்கள். இந்த வாரம் அவர்களுடைய சரித்திரத்தைச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இரவின் இரகசியம். பூமிக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற ஒரு காற்றடுக்கு இருக்கிறது. பகலில் வானை நோக்கிச் செல்லும் மத்திய அலைகளை அது விழுங்கிவிடும். சூரியன் மறைந்தவுடன் அந்த அடுக்கு கலைந்துபோகிறது. அதற்கும் மேலே, ஏறக்குறைய 100 கிலோமீட்டரிலும் அதைவிட உயரத்திலும் இருக்கும் அடுக்குகளோ இரவிலும் நிலைத்திருந்து, அலைகளைக் கண்ணாடிபோல் பூமிக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே வெளிச்சம் இருக்கும்வரை ஒரு மாவட்டத்துக்குள் அடங்கிய குரல், இருள் வந்தபின் கடலைத் தாண்டுகிறது.

இதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் மார்க்கோனி. 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் அமெரிக்காவுக்குப் பயணம் செய்தபோது, இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வந்த குறிப்பொலிகளை அவர் நாள்தோறும் பதிவு செய்தார். பகலில் 700 மைலோடு அவை நின்றுபோயின. இரவிலோ 2,000 மைலைக் கடந்தும் கேட்டன. காரணம் அவருக்குப் புரியவில்லை. அதே ஆண்டில் கென்னலி, ஹெவிசைடு என்னும் இருவர், தனித்தனியாக, வானத்தில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கவேண்டும் என்று எழுதினார்கள். அது உண்மையிலேயே இருக்கிறது என்று நிரூபிக்க இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டன், மைல்ஸ் பார்னெட் என்னும் இருவர் ஆக்ஸ்போர்டில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, போர்ன்மவுத் நகரத்து பி.பி.சி. நிலையம் அன்றைய நிகழ்ச்சிகளை முடித்த பின்பு அதை அனுப்பச் சொல்லி, அலை ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணிக்காக ஆப்பிள்டன் 1947இல் நோபல் பரிசு பெற்றார்.

விஞ்ஞானிகள் நிரூபிக்கும் முன்னரே பொழுதுபோக்காளர்கள் அதை அனுபவித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர் வானொலிக்காரர்களின் சங்கம் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. ஆர்ட்ராசன் என்னும் கடற்கரை ஊருக்கு அருகே, குளிரும் மழையும் காற்றும் வீசிய ஒரு வெளியில் அவர் கூடாரம் அடித்தார். தரைக்குச் சற்று மேலாக நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்கு ஒற்றைக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினார். அட்லாண்டிக்கின் மறுகரையில், தங்கள் வீடுகளிலும் கொட்டகைகளிலும் சிறு கருவிகளோடு உட்கார்ந்திருந்தவர்களின் குறிப்பொலிகளை அங்கே அவர் இரவிரவாகக் கேட்டு எழுதினார். இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் அவர் ஏட்டில் ஏறின. சிற்றலைக்கு மக்கள் போகுமுன் நடந்த காரியம் இது. மத்திய அலைக்குள் அடங்கும் ஏறத்தாழ 200 மீட்டர் அலைநீளத்திலேயே நடந்தது.

இதற்கிடையில் பேச்சும் பாட்டும் வானொலியில் ஏறிவிட்டன. பிட்ஸ்பர்க் நகரத்துக் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பர் 2 அன்று அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. இரண்டே மாதங்களில், 1921 ஜனவரி 2 ஞாயிறு மாலையில், அந்நகரத்துக் கல்வாரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் ஆராதனையை அது ஒலிபரப்பியது. மூத்த போதகருக்கு இந்தப் புதிய கருவியில் நம்பிக்கை இல்லாததால் பிரசங்கத்தை உதவிப் போதகரிடம் விட்டுவிட்டார் என்றும், ஒலிவாங்கியைக் கவனித்த இரண்டு தொழில்நுட்பக்காரர்களுக்குப் பாடகர் குழுவின் அங்கியை உடுத்தி உட்காரவைத்தார்கள் என்றும், அவர்களில் ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் யூதர் என்றும் சொல்வார்கள். அந்த வானொலி ஆராதனையில் அந்த இருவரும் இருந்த காட்சியை நினைக்கும்போது எனக்குப் புன்னகை வருகிறது.

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

1922ஆம் ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் தோன்றிவிட்டன. ஆரம்பத்தில் அவை ஏறக்குறைய எல்லாமே 360 மீட்டர் என்னும் ஒரே அலைநீளத்தில் பேசின. ஒரு தெருவில் எல்லாரும் ஒரே வாசலில் நின்று கூவியதுபோல் இருந்திருக்கும். பிற்பாடு அலைநீளங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டபோதும், அக்காலத்துப் பெட்டிகளுக்கு அடுத்தடுத்த அலைகளைப் பிரித்தறியும் வல்லமை போதவில்லை. உங்கள் ஊரில் ஒரு நிலையம் பேசிக்கொண்டிருந்தால் அதன் சத்தம் முழு வரிசையையும் மூடிவிடும். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் மெலிந்த குரல் கேட்காது. மக்களோ அந்த மெலிந்த குரலுக்காகவே ஏங்கினார்கள். உள்ளூர் இசைக்குழுவின் அருமையான கச்சேரியைவிட, கரகரப்புக்கு நடுவே தூரத்து நகரத்தின் பெயரை ஒரே தரம் கேட்பது அவர்களுக்கு இனிமையாக இருந்தது.

அதற்கு அவர்கள் கண்ட வழி வியப்பானது. பல நகரங்களில் உள்ளூர் நிலையங்கள் வாரத்தில் ஓர் இரவு தாமாகவே வாயை மூடிக்கொண்டன. அதை மௌன இரவு என்று அழைத்தார்கள். சிகாகோ நகரத்தில் அது திங்கட்கிழமை. மாலை ஏழு மணிக்குப் பின் அந்தப் பெரிய நகரத்தின் நிலையங்கள் நின்றுபோகும். நகரத்தார் தலையில் செவிப்பூட்டுகளை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். எந்தச் சட்டமும் இதைக் கட்டாயமாக்கவில்லை. போட்டியாளர்களான நிலையத்தார் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு அது.

இந்த வழக்கத்தை ஒரு பரிசுத்த தியாகமாகச் சித்தரிக்க ஆசை வருகிறது. ஆனால் சரித்திரம் அத்தனை எளிதாக இடங்கொடுப்பதில்லை. நிலையங்களில் பலவற்றை நடத்தியவர்கள் வானொலிப் பெட்டி செய்கிறவர்களும் விற்கிறவர்களுமே. தூரத்து நிலையம் கேட்டால்தான் விலை கூடிய பெட்டி விற்கும். அதுமட்டுமல்ல, அக்காலத்து ஏழைகளின் கையில் இருந்தது படிகப் பெட்டி. அதற்கு மின்கலமும் வேண்டாம், குழலும் வேண்டாம். ஆனால் இருபது முப்பது மைலுக்கு அப்பால் அதற்குக் காது கிடையாது. குழல் பெட்டி வைத்திருந்தவனுக்குத் திங்கட்கிழமை இரவு உலகத்தைத் திறந்துகொடுத்தது. படிகப் பெட்டி வைத்திருந்தவனுக்கு அது வெறும் மௌனம். ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது மற்றவரிடமிருந்து எடுக்கப்பட்டதாகவே இருந்தது. உடன்பாடு செய்தவர்களின் மேசையில் படிகப் பெட்டிக்காரனுக்கு இடமில்லை. நம்முடைய சபைக் கமிட்டிகளிலும் நாம் அடிக்கடி சந்திக்கும் காரியம் இது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பொழுதுபோக்காளர்களும் ஒருவருக்கொருவர் தொல்லை கொடுக்காதவர்கள் அல்ல. ஒரே குழலின் சக்தியைத் திரும்பத் திரும்ப உள்ளே ஊட்டிப் பெருக்கும் பெட்டிகள் அப்போது மிகுதி. தூரத்துக் குரலுக்கு ஆசைப்பட்டு அந்தக் குமிழைச் சற்று அதிகமாகத் திருகினால், கேட்கவேண்டிய பெட்டியே ஒலிபரப்பத் தொடங்கிவிடும். சுற்றியுள்ள வீடுகளிலெல்லாம் சீழ்க்கைச் சத்தம் பாயும். 1923 நவம்பரில் அட்லாண்டிக்கின் இருகரைகளிலும் உள்ள நிலையங்கள் முறைவைத்து மௌனமாயிருந்து ஒன்றையொன்று கேட்க முயன்றன. இங்கிலாந்தின் குரலை அமெரிக்காவில் சிலர் கேட்டும் விட்டார்கள். ஆனால் நிலையங்கள் அடங்கியிருந்த வேளையில் கேட்பவர்களின் பெட்டிகள் போட்ட சீழ்க்கையே அந்த இரவுகளுக்குப் பெரும் இடையூறாயிற்று. 1926 ஜனவரியில் மீண்டும் முயன்றபோதும் இதே முறையீடு எழுந்தது. தூரத்திலிருந்து வரும் குரலைக் கேட்கவேண்டும் என்ற வேட்கையே அடுத்த வீட்டான் கேட்பதைக் கெடுத்தது.

கேட்டதை எப்படி நிரூபிப்பது? இந்தப் பொழுதுபோக்கில் என்னை மிகவும் கவர்வது இதுவே. தூரத்து நிலையத்தைக் கேட்டவன் அதற்குக் கடிதம் எழுதுவான்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன அலை, இன்ன பாடலுக்குப் பின் அறிவிப்பாளர் இன்னது சொன்னார், ஒலி இப்படி இருந்தது. நிலையத்தார் தங்கள் ஏட்டோடு அதை ஒப்பிட்டு, மெய் என்று கண்டால் ஓர் அட்டை அனுப்புவார்கள். 1924இல் சிகாகோவின் எக்கோ கம்பெனி, அந்தந்த நிலையத்தின் பெயர் அச்சிட்ட அழகிய முத்திரைத் தலைகளை வெளியிட்டது. கேட்டதற்கான விவரத்தோடு பத்து சென்ட் நாணயத்தையும் வைத்து நிலையத்துக்கு அனுப்பினால் முத்திரை வரும். அதை ஒட்டிவைக்க ஆல்பமும் விற்றார்கள். பெருமைக்காகச் சேர்த்தவர்கள் உண்டு. ஆயினும் அந்த ஒழுக்கத்தின் அடிப்படை கண்டிப்பானது: ஊகித்ததை எழுதாதே, கேட்டதை மட்டும் எழுது. பாதி கேட்டிருந்தால் பாதியை எழுது. நிலையத்தின் பெயர் காதில் விழவில்லையென்றால் விழவில்லை என்றே எழுது. அச்சடித்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எழுதுகிறவனை மற்றவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். 1927இல் நியூவர்க் நியூஸ் வானொலிக் கழகமும், 1933இல் தேசிய வானொலிக் கழகம் என்பதும் எழும்பி, இந்த ஒழுக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கடத்தின.

மௌன இரவு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1922 ஆகஸ்டில் நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையம் காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் ஒலிபரப்பியது. நேரத்துக்கு விலை குறிக்கப்பட்ட பின்பு யார்தான் திங்கட்கிழமை மாலையை வீணாக்குவார்? 1926 நவம்பரில் என்.பி.சி. தொடங்கியபோது, நியூயார்க்கின் நிகழ்ச்சி கம்பி வழியாக உள்ளூர் நிலையத்துக்கே வந்து தெளிவாகக் கேட்டது. அதே ஆண்டில், நிலையங்களின் அலைகளைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் தீர்த்தபோது, அவரவர் தமக்குப் பிடித்த அலைக்குத் தாவினார்கள், குழப்பம் உண்டாயிற்று. 1928 நவம்பர் 11 முதல் புதிய ஒழுங்கு வந்து, நாற்பது அலைகள் இரவில் தூரம் செல்லும் பெரிய நிலையங்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. மௌன இரவோ அதற்குள் பழங்கதையாகிவிட்டது.

பிரியமானவர்களே, இதுவரை நான் சொன்னது அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிய விளையாட்டு. இதே விளையாட்டு வேறொரு தேசத்தில் உயிரைக் குடித்தது.

ஜெர்மனியில் 1933இல் மக்கள் பெட்டி என்று பெயரிட்டு மலிவான வானொலி ஒன்றை நாசி அரசு கொண்டுவந்தது. அதன் விலை 76 மார்க். ஒவ்வொரு வீட்டிலும் தலைவனின் குரல் ஒலிக்கவேண்டும் என்பது நோக்கம். தூரத்தை எட்டும் சிற்றலை அதில் வைக்கப்படவில்லை. ஆனால் மத்திய அலையும் நெட்டலையும் இருந்தன, இரவும் இருந்தது. விளக்கை அணைத்தபின் லண்டன் வந்தது. 1939 செப்டம்பர் 1 அன்று, போலந்தின்மேல் படையெடுத்த அதே நாளில், அந்நிய நிலையங்களைக் கேட்பது குற்றம் என்று கட்டளை பிறந்தது. கேட்டதைப் பிறருக்குச் சொன்னால் மரண தண்டனைகூட விதிக்கலாம். பெட்டியின் குமிழிலேயே எச்சரிக்கைச் சீட்டு தொங்கியது. ஜனங்கள் தலையோடு போர்வையை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

ஹாம்பர்க் நகரத்து ஹெல்முத் ஹியூபனர் என்னும் வாலிபன் பி.பி.சி. செய்தியைக் கேட்டுத் துண்டுப் பிரசுரங்களாகத் தட்டச்சு செய்து பரப்பினான். 1942 அக்டோபர் 27 அன்று அவனைச் சிரச்சேதம் செய்தபோது அவனுக்கு வயது 17.

லூபெக் நகரத்தில் கார்ல் பிரீட்ரிக் ஸ்டெல்பிரிங்க் என்னும் லுத்தரன் போதகர் இருந்தார். தொடக்கத்தில் நாசிகளை ஆதரித்தவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. காலப்போக்கில் அவர் கண்கள் திறந்தன; அவ்வூரின் கத்தோலிக்கக் குருக்கள் மூவரோடு, யோஹன்னஸ் பிராசெக், ஹெர்மன் லாங்கே, எட்வர்ட் முல்லர் என்பவர்களோடு, நெருங்கிய நட்பு கொண்டார். அக்காலத்து ஜெர்மனியில் இரு சபையாரும் அவ்வாறு பழகுவது எளிதல்ல. தாங்கள் கேட்டதையும் வாசித்ததையும் அவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். 1942 மார்ச் 28 இரவில் குண்டுவீச்சில் லூபெக் எரிந்தது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. இரவெல்லாம் மக்களுக்கு உதவிசெய்துவிட்டு பிரசங்க பீடத்தில் ஏறிய ஸ்டெல்பிரிங்க், நேர்ந்ததில் கடவுளின் பேச்சைக் காணும்படி சபையாரைக் கேட்டுக்கொண்டார். சில நாட்களில் கைது செய்யப்பட்டார். பின்பு குருக்கள் மூவரும். அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, எதிரியின் வானொலியைக் கேட்டது. 1943 நவம்பர் 10 அன்று ஹாம்பர்க் சிறையில் நால்வரும் சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகச் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள். குருக்கள் மூவரை 2011இல் கத்தோலிக்கத் திருச்சபை அருளாளர்களாக அறிவித்தது. ஸ்டெல்பிரிங்கும் அந்நகரத்தில் அவர்களோடு சேர்த்தே நினைக்கப்படுகிறார்.

அதே யுத்தத்தில், அதே இரவுகளில், அமெரிக்காவிலும் சிலர் எதிரியின் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சிற்றலைக்காரர்கள், மத்திய அலைக்காரர்களின் உடன்பிறப்புகள் என்று கொள்ளுங்கள். ஜெர்மானிய, ஜப்பானியப் பிரச்சார ஒலிபரப்புகளின் நடுவே, சிறைபிடிக்கப்பட்ட போர்வீரர்களின் பெயரும் வீட்டு முகவரியும் வாசிக்கப்படும். குடும்பத்தார் தங்கள் பிள்ளையின் பெயருக்காகக் காத்திருந்து பிரச்சாரத்தையும் கேட்பார்கள் என்பது தந்திரம். பொழுதுபோக்காளர்களோ பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, கரகரப்புக்குள் கேட்ட பெயர்களையும் முகவரிகளையும் எழுதி, முன்பின் அறியாத அந்த வீடுகளுக்குத் தபாலட்டை போட்டார்கள்: உங்கள் மகன் உயிரோடிருப்பதாக இன்றிரவு கேட்டேன். ஒரே வீரனுடைய வீட்டுக்குப் பல ஊர்களிலிருந்து பல அட்டைகள் வந்து குவிந்ததுண்டு. எதிரியின் வாயிலிருந்து வந்ததை முழுவதும் நம்பவேண்டாம் என்று அரசு எச்சரித்தது. ஆனாலும் காணாமற்போனவன் என்ற தந்தியை மட்டும் கையில் வைத்திருந்த தாய்க்கு அந்த அட்டை எப்படி இருந்திருக்கும்! கேட்டதை மட்டும் எழுது என்ற பழக்கம் இங்கே எதற்கு உதவியது பாருங்கள். ஓர் எழுத்துப் பிசகினால் முகவரி தவறிப்போகும்.

இன்றைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஜெர்மனியின் பொது வானொலி 2015 முடிவோடு அதை விட்டுவிட்டது. பிரான்சின் பொது வானொலியும் அவ்வாறே. இதில் ஒரு விநோதம் உண்டு. அருகிலுள்ள பெரிய நிலையங்கள் அடங்கியதால், தூரத்திலுள்ள சிறியவை கேட்கத் தொடங்கியிருக்கின்றன. ஒருகாலத்தில் சிகாகோ வாரம் ஒருமுறை வருந்திக் கொடுத்த மௌனத்தை இப்போது ஐரோப்பா கேட்காமலே கொடுத்துவிட்டது. பின்லாந்தின் வடகோடியில், குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் உதிக்காத லாப்லாந்தில், இந்தப் பொழுதுபோக்காளர்கள் குடில்களில் தங்கி, காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுக்கிறார்கள். காட்லி ஸ்காட்லாந்தில் இழுத்த அதே வகைக் கம்பி. பகலே இல்லாத அவ்விடத்தில் அமெரிக்க மேற்குக் கரையின் சிற்றூர் நிலையங்களும் ஹவாயும் ஜப்பானும் கேட்கின்றன.

லாப்லாந்துக்கு நீங்கள் போகவேண்டியதில்லை. நம் பக்கத்தில் திருச்சிராப்பள்ளியின் 936ஐயும் திருநெல்வேலியின் 1197ஐயும் நீங்கள் அறிவீர்கள். இலங்கையின் புத்தளத்திலிருந்து 400 கிலோவாட் சக்தியோடு 882 கிலோஹெர்ட்ஸில் வந்த கிறிஸ்தவ நிகழ்ச்சிகளை மாலைதோறும் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். ஒரு நாள் அவர்களிடம் கேளுங்கள். கருவியைக் கையாளும் விதம் இதுதான்: டிரான்சிஸ்டருக்குள் ஒரு கரிய ஃபெரைட் கோல் படுத்திருக்கிறது, அதுவே அதன் காது. அந்தக் கோலின் முனை ஒரு நிலையத்தை நோக்கினால் அந்த நிலையம் அடங்கிவிடும். பக்கவாட்டு நோக்கினால் உரத்துக் கேட்கும். ஆகவே உள்ளூர் நிலையம் தொல்லை கொடுத்தால் குமிழைத் தொடாமல் பெட்டியையே மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒன்று அடங்க, அதன் அடியிலிருந்து மற்றொன்று எழும்பும்.

பெருந்தடை நம் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே மத்திய அலையில் ஓயாமல் இரைகின்றன. அதனால் இதற்கேற்ற வேளை மின்தடை. அடுத்த முறை இரவில் தெரு முழுவதும் மின்சாரம் போகும்போது, மின்வாரியத்துக்குத் தொலைபேசியில் அழைக்குமுன், புது மின்கலம் போட்ட பெட்டியோடு மொட்டைமாடிக்கு ஏறுங்கள். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுப் போகவேண்டும், வீட்டார் சம்மதித்தால். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.